பாதி காய்ந்த மரம்

போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களுக்கு உட்காரும் இடம்தான் மரியாதை. சுப்புத்தாயின் இடம் குடோனின் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, முதல் வரிசையில். காலை வெயில் நேராக அவள் முறத்தில் வந்து விழும். யாருக்கு எந்த இடம் என்று அங்கே சட்டம் எதுவும் கிடையாது. முறத்தில் கொட்டிய காயைப் பார்த்த மாத்திரத்தில் பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று எவள் விரல் தானாகப் பிரிக்கிறதோ அவளுக்கு ஜன்னல். தடுமாறுகிறவளுக்குப் பின்வரிசை. கண் போனவளுக்கு விளக்குமாறு.

சுப்புத்தாய் பிறந்தது போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். கல்யாணமாகிக் கீழே வந்தபோது குடோனின் கடைசி வரிசையில், கதவு இடுக்கில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து வரிசை வரிசையாக முன்னேறி ஜன்னலைப் பிடித்தாள். புருஷன் மொக்கச்சாமி மூட்டை தூக்கியவர். சர்க்கரை கால்விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை ஏறி, ஆளைக் கொண்டுபோய்விட்டது. நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்த மனுசனைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதும், புண்ணைக் கழுவிக் கட்டியதும், புரட்டிப் படுக்க வைத்ததும் அவள்தான். அப்படிப்பட்டவள், தன் கண் மங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரி இருக்கும் திசையையே மறந்துபோனாள்.

முதலில் ஜன்னல் கண்ணாடி அழுக்கு என்றாள். அதைச் சோப்புப் போட்டுத் துடைத்தாள். பிறகு டியூப் லைட் சரியில்லை என்றாள். மேற்பார்வை பார்க்கும் விஜயபாண்டி புதிது மாட்டிக் கொடுத்தான். அதுவும் சரியில்லை, இப்போது வருகிற லைட்டெல்லாம் ஒன்றுக்கும் உதவாது என்றாள். ராத்திரி எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பூவாகச் சிதறித் தெரிந்தது. அதற்கு, ஜீப்பு ஓட்டும் தன் மகன் லிங்கேஸ்வரனையும் அவன் கூட்டாளிகளையும் திட்டினாள். கண்ணில் புரை விழுந்தவர்கள் சொல்லும் காரணம் அத்தனையும் அவள் சொல்லிவிட்டாள், புரையைத் தவிர.

ஆஸ்பத்திரிக்குப் பயப்பட அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அக்காள் அன்னக்கொடி முன்னொரு காலத்தில் கண் ஆப்பரேசன் செய்துகொண்டு ஒரு கண்ணை இழந்தவள். ஆப்பரேசன் முடிந்த மூன்றாம் நாளே ஈர விறகை வைத்து அடுப்பூதி, புகை பட்ட கண்ணைச் சேலைத் தலைப்பால் கசக்கினாள் என்பதை மட்டும் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை. ஆப்பரேசன் கண்ணைத் தின்றுவிட்டது என்றே சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகிவிட்டது.

சுப்புத்தாய்க்கு அடுத்த இடம் பொன்னுமணியுடையது. இருவருக்கும் ரத்த உறவு கிடையாது. மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கேலி செய்ய அந்த முறைதான் வசதி. சுப்புத்தாய் முறத்தில் பச்சையோடு பழுப்பு கலந்து கிடப்பதைப் பொன்னுமணி சில மாதங்களாகவே பார்த்துவருகிறாள். எதுவும் சொல்லாமல் கையை நீட்டிப் பொறுக்கித் தன் பக்கம் போட்டுக்கொள்வாள். கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற பயம் பாதி. கேட்டால் மதினிக்கு ஜன்னல் போய்விடுமே என்ற கவலை பாதி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தது புவி தினம்.

ஏலக்காய்க் குடோனுக்கும் புவி தினத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், முதலாளியின் மகள் பானுப்பிரியாதான் சம்பந்தம். மதுரையில் தாவரவியல் படித்துவிட்டு வந்த பெண். சித்திரையில் காய் வரத்துக் குறைந்து, பெண்கள் பேச்சிலேயே பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த ஒரு வருடம், அவள் குடோனுக்குள் வந்து இந்த நாளின் கதையைச் சொன்னாள். அமெரிக்காவில் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பறவைகள் கருப்பாகச் செத்துக் கரை ஒதுங்கினவாம். இன்னோர் ஊரில் ஆறே தீப்பிடித்து எரிந்ததாம். பொறுக்க முடியாமல் 1970 ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி இரண்டு கோடிப் பேர் தெருவுக்கு வந்தார்களாம். அன்றிலிருந்து அந்தத் தேதி பூமிக்கு என்று ஆனது.

ஆறு எப்படி எரியும் என்று பொன்னுமணி கேட்டாள். தண்ணீருக்கு மேலே எண்ணெயும் கழிவும் மிதந்தால் எரியும் என்றாள் பானுப்பிரியா.

“அப்ப நம்ம கொட்டகுடி ஆத்துக்குப் பயமில்லத்தா,” என்றாள் பொன்னுமணி. “எரியணும்னாலும் அதுல தண்ணி கெடக்கணும்ல.”

அந்த முதல் நாளுக்காக ஓர் ஓவியர் படம் செய்தார் என்பதையும் பானுப்பிரியா சொல்லிச் செல்போனில் காட்டினாள். நடுவில் ஒரு கழுகு. சுற்றிலும் மனிதர்கள் கெடுத்துவைத்த இடங்கள். அதை அச்சடித்து விற்று, நாளைக் கொண்டாடும் செலவுக்குக் கொடுத்தார்களாம். நாமும் அப்படி ஒரு படம் செய்ய வேண்டும், ஆனால் பிளக்ஸ் மட்டும் வேண்டாம் என்றாள். காயிலேயே செய்துவிடலாம் என்று சொன்னது சுப்புத்தாய். பச்சையில் ஐந்தாறு வகை இருக்கிறது, மஞ்சளுக்கு வெளுத்த காய், மண்ணுக்குப் பழுப்பு, கருப்புக்குக் கருகினது. வேறு சாயம் எதற்கு? முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: படம் முடிந்ததும் காய் ஒன்றுவிடாமல் பிரிபட்டு மூட்டைக்குத் திரும்ப வேண்டும்.

முதல் வருடம் எல்லோருமாகச் சேர்ந்து கழுகு செய்தார்கள். பானுப்பிரியா காட்டிய கழுகு கம்பீரமாக இருந்தது. இவர்கள் செய்தது முட்டையிடப் போகும் கோழியாக வந்தது. பார்க்க வந்தவர்கள் மரியாதைக்கு மயில் என்றார்கள்.

இரண்டாம் வருடம் யானை. முந்தின சாயங்காலமே முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மலை எஸ்டேட்டிலிருந்து புதிதாக இறங்கிவந்து வேலைக்குச் சேர்ந்த அக்காள் தங்கை இருவர் காலையில் எல்லோருக்கும் முந்தி வந்தார்கள். தரையில் வெள்ளைப் படுதாவில் காய் கலந்து கிடந்தது. கலந்த காயைக் கண்டால் பிரிப்பதுதானே சோலி? உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தும்பிக்கை பழுப்பு மூட்டைக்கும் தந்தம் வெளுத்த காய் மூட்டைக்கும் போய், கால் நான்கும் முகமும் இல்லாத வயிறு மட்டும் மிச்சமிருந்தபோது விஜயபாண்டி உள்ளே வந்தான். நல்லவேளை, பிரிப்பு சுத்தமாக இருந்தது. அவர்களை அன்றைக்கே இரண்டாம் வரிசைக்கு உயர்த்தினார்கள்.

மூன்றாம் வருடத்திலிருந்து மரம்தான். மரத்துக்கு முகம் கிடையாது, யாருக்கும் வம்பில்லை. தண்டும் வேரும் புல்லும் மற்றவர்கள் பங்கு. மேலே இலைக்கூட்டம் முழுவதும் சுப்புத்தாயின் பங்கு. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை அவள் காயை அடுக்கினால் வெயில் பட்ட பக்கமும் நிழல் விழுந்த பக்கமும் தனித்தனியாகத் தெரியும். அதைப் பார்க்கவே காலேஜிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

2024ஆம் வருடம் சித்திரை வெயில் மலையைப் பொசுக்கியது. இடுக்கிப் பக்கம் ஏலச்செடி தோட்டம் தோட்டமாகக் காய்ந்து விழுந்தது. மேலே போய்வந்த லிங்கேஸ்வரன், ஜீப்பில் வேலையாட்களைவிடத் தண்ணீர்க் குடம்தான் அதிக லோடு என்றான். அந்த நிலைமையில் படம் வேண்டுமா என்று முதலாளி யோசித்தார். இந்த வருடம்தான் வேண்டும் என்று பானுப்பிரியா நின்றாள்.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி மத்தியானம் சுப்புத்தாய் இலைக்கூட்டத்தின் இடது பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் முடித்தாள். பிறகு லிங்கேஸ்வரன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வர, வீட்டுக்குப் போய் ஈரத்துணி போட்டு, கஞ்சி கொடுத்து, மருந்தை ஊற்றிவிட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தாள். டியூப் லைட்டடியில் கைக்கு எட்டிய சாக்கிலிருந்து அள்ளி அள்ளி வலது பாதியை வெரசாக முடித்துவிட்டு எழுந்தாள். ஒரு பாதி பச்சை, மறு பாதி பழுப்பு. அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

மற்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வருடம் சுப்புத்தாய் அக்கா ஏதோ புதுசாகச் செய்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அவளிடம் போய்க் கேட்கும் துணிச்சல் ஒருத்திக்கும் இல்லை. பொன்னுமணிக்கு மட்டும் விஷயம் புரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் வாயைத் திறந்தாள். சுப்புத்தாய் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்ததால் மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலேஜ் பேராசிரியை அருணா மாணவிகளோடு வந்தார். படத்தை இடமும் வலமுமாக நடந்து பார்த்தார். பிறகு, இத்தனை வருடத்தில் இதுதான் படம் என்றார். பாதி மரம் உயிரோடு, பாதி மரம் காய்ந்து. இந்த வருடத்து மலையை ஒரே மரத்தில் சொல்லியாகிவிட்டது என்றார். மாணவிகளோடு குடோன் பெண்களும் கைதட்டினார்கள். விஜயபாண்டி ஏணியில் ஏறிப் போட்டோ எடுத்தான். அடுத்த வருடத்துக் குடோன் காலண்டரில் இந்தப் படம்தான் என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார்.

சுப்புத்தாய் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தாள். காய்ந்த பாதி என்று அவர் சொன்னதும் கழுத்தை நீட்டி மரத்தைப் பார்த்தாள். எது காய்ந்த பாதி? அவள் பார்த்தவரைக்கும் முழு மரமும் பச்சையாகத்தான் நின்றது, கொஞ்சம் புகைமூட்டமாக.

எப்படித் தோன்றியது என்று அருணா அவளிடம் கேட்டார். “அது அப்பிடியே வந்துருச்சுங்க,” என்றாள். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அடக்கமான கலைஞர் என்று அதற்கும் ஒரு கைதட்டல்.

விருந்தாளிகள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். இனிமேல்தான் முக்கியமான சோலி. படத்தைக் கலைத்து மூட்டைக்கு அனுப்ப வேண்டும். அவரவர் செய்த பகுதியை அவரவர்தான் பிரிக்க வேண்டும் என்பது வழக்கம். தண்டு போனது, வேர் போனது, புல் போனது. சுப்புத்தாய் மட்டும் இலைக்கூட்டத்துக்கு முன்னால் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். பச்சைக்கு ஒரு சாக்கு, பழுப்புக்கு ஒரு சாக்கு பக்கத்தில் இருந்தன. கை போகவில்லை.

ஒரு பிடி அள்ளி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வாசனையில் வித்தியாசம் இல்லை. விரலில் உருட்டினாள். காய் காயாகத்தான் இருந்தது. பழுப்புக் காய் ஒரு பிடி பச்சை மூட்டையில் விழுந்தால் அந்த மூட்டை தரம் இறங்கும். ஏலத்தில் குடோன் பெயர் கெடும். இத்தனை வருடத்தில் அவள் கை வழியாக அப்படி ஒரு மூட்டை போனதில்லை. வாயை மூடிக்கொண்டு பொன்னுமணியிடம் ஜாடை காட்டினால் அவள் பிரித்துத் தருவாள். இன்றைக்குத் தருவாள். நாளைக்கு?

விஜயபாண்டி வெரசாகக் கட்டச் சொல்லிக் குரல் கொடுத்தான். லாரி நிற்கிறது என்றான்.

சுப்புத்தாய் கையிலிருந்ததைப் படுதாவிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

“இந்தா விஜயபாண்டி, இங்க வா. எனக்கு இதுல எது பச்சை எது பழுப்புன்னு தெரியல. மரமும் காயல, ஒரு மண்ணும் காயல. கண்ணு தெரியாமப் போட்டு வச்சுருக்கேன்.”

விஜயபாண்டி மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முதலில் சிரித்தது பொன்னுமணி. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்புறம் குடோன் முழுவதும் சிரித்தது. பானுப்பிரியா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சிரிக்காதீகடி. கைதட்டுனவுகள்ல நீங்களும் உண்டு,” என்றாள் சுப்புத்தாய். அதற்கும் சிரித்தார்கள்.

தனக்குத் தெரியும் என்று பொன்னுமணி அப்போதுதான் சொன்னாள். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்குப் பொங்கலுக்கு முந்தியிருந்து என்றாள். அத்தனை நாளும் என் முறத்தில் கைவைத்துக்கொண்டிருந்தாயா என்று சுப்புத்தாய் பாய்ந்தாள். சிரிப்பு அடங்கியபோது பின்வரிசையிலிருந்து ரேணுகா, தனக்கும் சாயங்காலமானால் அப்படித்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் தலையாட்டினாள். ஒருத்தி வாயைத் திறந்தால் போதும். வியாதி விஷயத்தில் மற்றவர்களுக்குத் தானாகத் தைரியம் வரும்.

விஜயபாண்டி கெட்டவன் இல்லை; ஆனால் மூட்டைக்குப் பொறுப்பு அவன்தான். கண்ணைச் சரிசெய்துகொண்டு வரும்வரை சுப்புத்தாய் முறத்தைத் தொடக் கூடாது, காம்பு கிள்ளும் வேலை செய்யட்டும் என்றான். ஜன்னல்? அதை அவள் திரும்பிவந்த பிறகு காயைக் கொடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றான். அவள் தலையாட்டினாள். அவன் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஆனாலும் ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்ததும் அன்னக்கொடி கதை வந்தது. இந்த முறை பொன்னுமணி விடவில்லை. நேரே அன்னக்கொடி வீட்டுக்குச் சுப்புத்தாயை இழுத்துக்கொண்டு போய், ஆப்பரேசன் முடிந்து மூன்றாம் நாள் என்ன செய்தாய் என்று கேட்டாள். கிழவி விட்டத்தைப் பார்த்தாள்.

“சோறாக்குனேன்,” என்றாள். “வேற யாரு ஆக்குவா? புகை அடிச்சுச்சு, கசக்குனேன். டாக்டரு வையவும், கண்ணு போனது உன்னாலதான்னு அவரு மேலயே பழியப் போட்டுட்டு வந்துட்டேன்.”

அவ்வளவுதான் அந்தக் கதை.

சுப்புத்தாயும் ரேணுகாவும் ரேணுகாவுக்குப் பக்கத்தில் தலையாட்டியவளும் போடியில் ரயில் ஏறி மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூடப் பொன்னுமணி. ரயிலில் கட்டுச்சோறு, சிரிப்பு, கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் போல. ஆப்பரேசன் நேரம் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் உட்கார வைத்த நேரம்தான் அதிகம் என்று சுப்புத்தாய் பிறகு குறைசொன்னாள். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அவள் முதலில் பார்த்தது எதிரே நின்ற பொன்னுமணியை.

“ஏ மதினி, உனக்கு இம்புட்டு நரையா?”

“ஆத்தாடி, கண்ணு வந்துருச்சு. இனி ஊருக்குள்ள ஒருத்தி பிழைக்க முடியாது,” என்றாள் பொன்னுமணி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, கண்ணில் கைபடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சொட்டு மருந்து. லிங்கேஸ்வரன் மனைவி முத்துப்பிரியா கண்டிப்பான பெண். மாமியாரை அடுப்படிப் பக்கமே விடவில்லை. தூக்கத்தில் கசக்கிவிடாமல் இருக்கக் கண்ணுக்கு மூடி போட்டு ஒட்டினாள். கருப்புக் கண்ணாடியோடு கட்டிலில் கிடந்த சுப்புத்தாய், இட்லி கல்லாக இருக்கிறது என்று அங்கிருந்தே திட்டினாள். திட்டுகிற நோயாளி தேறிவிடுவாள். பேசாமல் கிடக்கிறவளைத்தான் கவனிக்க வேண்டும்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் குடோனுக்குப் போனாள். அதற்குள் மலையில் மழை பிடித்திருந்தது. விஜயபாண்டி ஒரு முறம் நிறையக் கலந்த காயைக் கொண்டுவந்து, ஜன்னலடியில் வைக்காமல், வேண்டுமென்றே டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தான். பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுச் சுற்றி நின்றார்கள். சுப்புத்தாய் கொஞ்ச நேரம் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் தெரிந்தாலும் விரல் மறந்திருந்தால்? பிறகு குனிந்தாள். அதற்கப்புறம் யாரும் அவள் விரலைப் பின்தொடர முடியவில்லை. முடித்துவிட்டு முறத்தை அவன் பக்கம் தள்ளினாள். அவன் நான்கு குவியலையும் கிளறிப் பார்த்தான். நேரே போய் ஜன்னலுக்குக் கீழே இருந்த பலகையைத் துடைத்துப் போட்டான்.

புத்தாண்டுக்குக் காலண்டர் வந்தது. பாதி காய்ந்த மரம் போடியில் பாதி வீடுகளில் தொங்கியது. மளிகைக் கடையில், முடிவெட்டும் கடையில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், எங்கே போனாலும் சுப்புத்தாயின் புரை அவளையே பார்த்தது. என் வீட்டில் அதை மாட்ட மாட்டேன் என்றாள். பிள்ளைக்கு மருந்து கொடுத்த தேதியைக் குறித்துவைக்க வேண்டும் என்று முத்துப்பிரியா மாட்டினாள். போகிற போக்கில் அதைப் பார்த்து, “எம்புட்டுப் பழுப்பு,” என்று தலையில் அடித்துக்கொள்வது சுப்புத்தாயின் வழக்கமாயிற்று.

அடுத்த ஏப்ரல் இருபத்திரண்டு வந்தது. இந்த முறை இலைக்கூட்டம் முழுவதையும் ஒரே பகலில் முடித்தாள். உச்சியில் வெளிர்பச்சை, உள்ளே போகப் போகக் கரும்பச்சை, ஓரத்தில் தளிருக்கு இளமஞ்சள் கலந்த காய். பழுப்பென்று ஒரு புள்ளி கிடையாது. பேராசிரியை அருணா புது மாணவிகளோடு வந்தார். அவர்களிடம் வழியெல்லாம் போன வருடத்துப் படத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாராம். முன்னால் வந்து நின்றவர் முகம் கொஞ்சம் இறங்கியது. அழகாக இருக்கிறது என்றார். பிறகு, போன வருடம் போல உள்ளே ஒரு கருத்து இல்லையே, ஏனம்மா என்று கேட்டார்.

பானுப்பிரியா சிரிப்பை மறைக்க வெளியே போனாள்.

“போன வருசம் கண்ணுல புரைங்க. பச்சைன்னு நெனச்சுப் பழுப்பை வச்சுட்டேன். இப்ப ஆப்பரேசன் பண்ணியாச்சு, கண்ணு தெரியுது. அம்புட்டுத்தேன்,” என்றாள் சுப்புத்தாய்.

அருணா மாணவிகளைவிடச் சத்தமாகச் சிரித்தார். என் வகுப்பில் அந்தப் படத்தைப் பற்றிக் கட்டுரையே எழுத வைத்துவிட்டேனே என்றார்.

சுப்புத்தாய் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் படத்தின் அடிப்பக்கம் போய்விட்டது. அங்கே பொன்னுமணியின் பங்கான புல்வெளி. குனிந்து, பச்சைக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு பழுப்புக் காயை எடுத்துப் பொன்னுமணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“மதினி,” என்றாள், “உனக்கு எப்ப ரயிலு?”